பெரிய பசுமைக்குடில் கட்டும் முன்

இர்ஃபான் கண்ணு,

உனக்கு என் ஸலாம். நீ அனுப்பிய பெரிய குடிலின் வரைபடத்தை உன் அத்தா டவுனில் ஒண்டிக்கடை முக்கில் பெரிய தாளில் பிரிண்ட் எடுத்து, மழையில் நனையாமல் இருக்க நம் பைப் கடையிலிருந்தே ஒரு பிவிசி பைப் துண்டுக்குள் சுருட்டிப் போட்டு, நாகலூர் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். சாப்பாட்டு மேசையில் விரித்து, திரும்பச் சுருண்டுகொள்ளாமல் நான்கு முனையிலும் டம்ளரைக் கவிழ்த்து வைத்தோம். எட்டு மீன் தொட்டி, அவற்றைச் சுற்றி வரிசையாகச் செடிப் படுகைகள், தண்ணீர் போகிற வழி நீலத்தில், வருகிற வழி சிவப்பில், போனிலேயே எல்லாவற்றையும் பார்க்கும்படி ஒரு கருவி. பார்க்க அழகாகத்தான் இருந்தது. அத்தா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு கோட்டிலும் விரலை ஓட்டினார். "இத்தன எல்போ எதுக்கு? திருப்பம் கூடக்கூடத் தண்ணி வேகம் கொறையுமே" என்று முணுமுணுத்தார். ஆனால் அவர் முகத்தில் சந்தோஷம் தெரிந்தது. நீ வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிடுகிறாய் என்பதே அவருக்குப் போதும்.

தாளின் வலது ஓரத்தில் யாருக்கு என்ன பொறுப்பு என்று எழுதியிருந்தாய். பைப் வேலை அத்தாவுக்கு. விற்பனை உனக்கு. அதற்குக் கீழே 'தினசரிப் பராமரிப்பு: அம்மா' என்று இருந்தது. அத்தா அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் சோறு வடிக்கப் போய்விட்டேன். போனில் உன்னிடம் பேசினால் நீ ஒன்று சொல்வாய், நான் ஒன்று சொல்வேன், நடுவில் லைன் போய்விடும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அத்தா இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்பிவிடுவார். விமானம் ஏறுவதற்கு முன் ஒருமுறை நிதானமாகப் படித்துவிடு.

முதல் குடிலை நாம் எப்படித் தொடங்கினோம் என்பது உனக்கு ஞாபகம் இருக்கும். எனக்கு எல்லாமே ஞாபகம் இருக்கிறது. படிப்பை முடித்துவிட்டு வந்து, வீட்டுக்குப் பின்னால் இருக்கிற சரிவைக் காட்டி, "அம்மா, இங்க மீனையும் கீரையையும் ஒரே தண்ணியில வளக்கலாம்" என்றாய். மீன் போடுகிற கழிவில் அம்மோனியா இருக்கும், அதைக் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிரிகள் செடிக்கு உரமாக மாற்றும், செடி உரத்தை எடுத்துக்கொண்டால் தண்ணீர் சுத்தமாகித் தொட்டிக்குத் திரும்பும், மண்ணே வேண்டாம் என்று எனக்குப் புரிகிற வரைக்கும் சொன்னாய். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இத்தனை வருஷம் மீனை ஆய்ந்த தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிக்கொண்டிருந்தவள்தானே நான் என்று சொன்னேன். நீ சிரித்து, "அதேதாம்மா, கொஞ்சம் பெருசா" என்றாய்.

படுகையில் மண்ணுக்குப் பதிலாகப் போட ஜல்லி வந்த அன்று நடந்ததைச் சொல்ல வேண்டும். லாரிக்காரர் இறக்குவதற்குள் நீ ஒரு கைப்பிடி எடுத்து வந்து, சமையலறையில் கிண்ணத்தில் போட்டு வினிகர் ஊற்றினாய். ஜல்லி நுரைத்தது. சுண்ணாம்புக் கல் கலந்திருக்கிறது, தண்ணீரின் தன்மையைக் கெடுத்துவிடும், செடி இரும்புச் சத்தை எடுக்க முடியாமல் மஞ்சளித்துப் போகும் என்று சொல்லி, லோடைத் திருப்பி அனுப்பிவிட்டாய். லாரிக்காரர் அத்தாவிடம், "ஏனுங்க பாய், ரோட்டுக்குப் போடற ஜல்லிய யாராச்சும் ஊறுகா போட்டுப் பாப்பாங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அத்தாவுக்கு அன்று கொஞ்சம் கோபம். எனக்குப் பெருமை. அடுத்து வந்த ஜல்லி நுரைக்கவில்லை. அதே ஜல்லிதான் இன்றைக்கும் படுகைகளில் கிடக்கிறது. நீ கற்றுக்கொண்டு வந்தது தவறு என்று நான் எப்போதும் நினைத்ததில்லை. அதை முதலில் மனதில் வைத்துக்கொள்.

நாம் எல்லாரும் தவறவிட்டது மண்ணை. சரிவைச் சமமாக்க மேல்பக்கம் வெட்டி, வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் கொட்டி மெத்தினோம். குடிலின் பாதி இயற்கைத் தரையில் நின்றது, பாதி நாம் கொட்டிய மண்ணில் நின்றது. தண்ணீர் நிறைந்த ஒரு தொட்டியின் கனம் ஒரு டன். அப்படிப்பட்ட தொட்டிகளைக் கொண்டுபோய்க் கொட்டிய மண்ணின் விளிம்பில் வைத்தோம், கதவுக்குப் பக்கமாக இருந்தால் தீனி போட வசதி என்று. அந்த ஐப்பசியில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. ஒரு காலையில் நீ தீனி டப்பாவை எடுத்துக்கொண்டு போனாய், போனவன் வாசலிலேயே நின்றுவிட்டாய். நான் பின்னால் வந்து பார்த்தேன். மண் இறங்கித் தொட்டிகள் சாய்ந்திருந்தன. படுகையிலிருந்து தண்ணீர் திரும்பி வருகிற குழாய் இணைப்பில் கழன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மோட்டார் தன் வேலையைச் செய்திருக்கிறது. தொட்டித் தண்ணீரை எல்லாம் மேலே ஏற்றி, அது கீழே வரும்போது தொட்டியில் விழாமல் சரிவில் ஓடிப்போயிருக்கிறது. ஜிலேபி மீன்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடியில் கிடந்தன. நீ வளர்த்தவை, ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம்.

நீ அழுதிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். காப்பிச் செடிகளுக்கு நடுவில் குழி தோண்டி எல்லாவற்றையும் புதைத்துவிட்டு, கைகால் கழுவி, அறைக்குள் போய் லேப்டாப்பைத் திறந்தாய். கத்தாரில் பசுமைக்குடில் பண்ணை ஒன்றில் வேலை கிடைத்துவிட்டது என்று சீக்கிரத்திலேயே சொன்னாய். கிளம்புகிற அன்று, "அதெல்லாம் பிரிச்சு யாருக்காச்சும் குடுத்துருங்கம்மா" என்றாய். சேலம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அத்தா உன்னோடு வந்தார். நான் வரவில்லை. உன் கட்டிலில் விரிப்பை எடுத்து மடித்துக்கொண்டிருந்தேன்.

நான் ஏன் பிரிக்கவில்லை என்று நீ கேட்டதே இல்லை. நானாகச் சொல்கிறேன். குஞ்சு விடுகிற நீல டிரம்மில் கொஞ்சம் மீன்கள் உயிரோடு இருந்ததை நீ மறந்துவிட்டாய். அவற்றுக்குக் காலையில் தீனி வேண்டும். அத்தா கடைக்குப் போன பிறகு வீட்டில் எனக்குப் பேச ஆளில்லை. தீனியை எடுத்துக்கொண்டு குடிலுக்குப் போனால் மீன்கள் மேலே வந்தன. அவ்வளவுதான். உன் கனவைக் காப்பாற்றினேன் என்று பெரிதாக நினைத்துக்கொள்ளாதே. வீட்டில் சும்மா உட்கார முடியாத ஒருத்தி போய் நிற்க ஓர் இடம் தேடினாள்.

பிறகு ஒவ்வொன்றாகச் சரிசெய்தோம். அத்தா தொட்டிகளை மேல்பக்கத்து வெட்டுத் தரைக்கு மாற்றினார். கீழ்ப்பக்கம் கல்லில் தடுப்புச்சுவர் எழுப்பி, மலைத் தண்ணீர் குடிலுக்குள் வராமல் மேலே ஒரு வாய்க்கால் எடுத்தோம். தண்ணீர் ஓர் அளவுக்குக் கீழே போனால் மோட்டார் தானாக நின்றுவிடுகிற மிதவை சுவிட்ச் ஒன்றை அத்தா மாட்டினார். அது நம் கடை அலமாரியிலேயே இருந்த சாமான். மாட்டிவிட்டு அன்று அவர் சாப்பிடவில்லை. அடுத்த மார்கழிப் பனியில் ஜிலேபி மீன்கள் தீனி எடுக்காமல் அடியில் போய் ஒடுங்கின, சிலது செத்தும் போயின. இந்தக் குளிருக்கு அது ஒத்துவராது என்று தெரிந்து சாதாக் கெண்டைக்கு மாறினோம். அது குளிரில் குறைவாகத் தின்னும், ஆனால் தாங்கும். தீனியை மிச்சம் வைத்தால் தண்ணீர் கெட்டுப்போகும் என்பதை ஒரு தொட்டியைக் கெடுத்துத்தான் கற்றேன். மூடுபனி விலகாத வாரங்களில் லெட்யூஸ் மெலிந்து நீண்டு போகும், புதினாவும் பாலக்கும் சமாளிக்கும். நம் பக்கத்துக் காட்டுக்காரி சின்னப்பொண்ணு, தன் காப்பிக் காட்டு வேலை முடிந்ததும் வந்து எனக்குக் கைகொடுப்பாள். "ஏனுங்க பாயம்மா, மண்ணே இல்லாம கீரயா? இத தின்னா ஒடம்புல ஒட்டுமுங்களா?" என்று ஆரம்பத்தில் கேட்டவள். இப்போது டவுனில் இருக்கிற ஓட்டல்களுக்குக் கீரைக்கூடை அவள் மகளோடு சேர்ந்துதான் போகிறது.

நீ போனில் கேட்கும்போது இதையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னேன். நீயும் சந்தோஷப்பட்டாய், தொட்டிப் படம் அனுப்பச் சொல்லி நண்பர்களுக்குக் காட்டினாய். சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு.

உன் பெரியம்மா நாகப்பட்டினத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்த வாரம் இங்கே புயல் மழை. மலைமேல் கம்பங்கள் சாய்ந்து கரண்டு போய்விட்டது. பேட்டரி ஒரு நாள் தாங்கியது, அப்புறம் அதுவும் அடங்கிவிட்டது. ஏர் பம்ப் நின்றால் தொட்டியில் மீனுக்கு மூச்சு இல்லை. அத்தாவும் நானும் சின்னப்பொண்ணும் முறை வைத்துக்கொண்டு, தொட்டித் தண்ணீரை மக்கில் மொண்டு உயரத் தூக்கி அதிலேயே ஊற்றிக்கொண்டிருந்தோம், தண்ணீரில் காற்று கலக்கட்டும் என்று. மதியம் பெரியம்மா மகள் ஷாஹிதா போன் செய்தாள். "சின்னம்மா, அம்மா உங்களத்தான் கேட்டுட்டே இருக்காங்க. எப்ப வருவீங்க?" என்றாள். கை ஈரமாக இருந்ததால் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பேசினேன். மலைப்பாதையில் பஸ் ஓடிக்கொண்டிருந்தது, அதையும் சொல்ல வேண்டும். சின்னப்பொண்ணு என் கையிலிருந்து மக்கை வாங்கி, "நீங்க போங்க பாயம்மா, நான் பாத்துக்கறேன்" என்றாள். அவள் ஒருத்தியால் அத்தனை தொட்டிக்கும் முடியாது, அத்தாவுக்குத் தோளைத் தூக்க முடியவில்லை. "கரண்டு வந்ததும் கெளம்பிடறேன் கண்ணு, நாளைக்கு வந்துருவேன்னு அக்காகிட்ட சொல்லு" என்று ஷாஹிதாவிடம் சொன்னேன்.

சாயங்காலம் கரண்டு வந்தபோது கடைசி பஸ் போய்விட்டது. விடியற்காலையில் போன் வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்து, முற்றத்தில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஷாஹிதா என்னை ஒன்றும் கேட்கவில்லை. டீ கொண்டுவந்து கொடுத்தாள். எங்கள் அம்மா போன பிறகு எனக்குத் தலை பின்னிவிட்டு வளர்த்தவள் என் அக்கா. அன்று எங்கள் தொட்டிகளில் ஒரு மீன்கூடச் சாகவில்லை.

இதைச் சொல்வது உன்மேல் பழி போடுவதற்காக அல்ல கண்ணு. நீ அப்போது கடலுக்கு அந்தப்பக்கம் இருந்தாய், முடிவெடுத்தவள் நான். ஆனால் இது என்ன மாதிரியான வேலை என்று உனக்குத் தெரிய வேண்டும். நீ அங்கே வேலை செய்கிற பண்ணையில் ஷிப்ட் உண்டு, ஒருத்தர் போனால் இன்னொருத்தர் வருவார், அதற்கென்று ஒரு மேலாளர் இருப்பார். இங்கே ஷிப்ட் கிடையாது. காப்பிச் செடியை நான்கு நாள் பார்க்காமல் விட்டால் அது ஒன்றும் சொல்லாது. இந்தத் தொட்டி ஒரு மத்தியானத்தைக்கூட மன்னிக்காது. நோன்பில் மயக்கமாக வந்த நாளிலும் போயிருக்கிறேன். காய்ச்சலோடு போயிருக்கிறேன். நான்கு வருஷமாக, அந்த ஒரு பயணத்தைத் தவிர, நான் இந்த மலையை விட்டு இறங்கி ஓர் இரவு வெளியே தங்கியதில்லை. முதுகு நிமிரவில்லை. டாக்டர் குனியாதீர்கள் என்கிறார், நீ முதலில் கட்டிய படுகைகள் முழங்கால் உயரம். செய்ய முடியாது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது உன்னிடம் சொல்கிறேன். முடியவில்லை.

போன வாரம் அத்தாவிடம் சொன்னேன். குடிலில் படுகை ஓரத்தில் உட்கார்ந்து அவர் குழாய் ஒன்றுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, பையன் வரட்டும். வந்ததும் நாம கெளம்பிடலாம்" என்றேன்.

"எங்க?"

"நாகப்பட்டினம். ஷாஹிதா ஊட்டுக்கு. கொஞ்ச நாள் அவகூட இருக்கணும்."

"வந்த அன்னிக்கே விட்டுட்டுப் போனா அவன் என்ன நெனப்பான்?"

"வந்த அன்னிக்கு இல்லீங்க. ரெண்டு நாள் கூட இருந்து சோறாக்கிப் போட்டுட்டுப் போலாம்."

அவர் பசை காயும்வரை குழாயை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தார். "நொம்ப நாளாச்சு, இல்ல?" என்றார். எதைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. மறுநாள் கடைக்குப் போகும்போது டிக்கெட்டுக்குச் சொல்லிவிட்டுத்தான் போனார்.

அதனால் உன் பெரிய குடிலைப் பற்றி நான் சொல்வதைக் கேள். வேண்டாம் என்று சொல்லமாட்டேன். தொட்டிகளை வெட்டுத் தரையில் மட்டும் வை, கொட்டிய மண்ணில் நடைபாதை போட்டுக்கொள். எட்டுத் தொட்டியையும் ஒரே மோட்டாரில் கோக்காதே. நாலு நாலாகப் பிரித்து, ஒன்று கெட்டால் மற்றது பிழைக்கும்படி செய். படுகையை இடுப்பு உயரத்துக்கு உயர்த்து. போனில் எல்லாம் தெரியும் என்கிறாய், தெரியட்டும், நல்லதுதான். ஆனால் போன் மக்கில் தண்ணீர் மொள்ளாது. காட்டெருமை இப்போதெல்லாம் வேலியைத் தள்ளிக்கொண்டு பின்வாசல் வரைக்கும் வருகிறது, பாலித்தீன் ஷீட் அதற்கு ஒரு பொருட்டே இல்லை, அதற்கும் யோசித்துக்கொள். எல்லாவற்றுக்கும் மேலாக, தினமும் யார் பார்ப்பது, அவருக்கு உடம்பு முடியாவிட்டால் யார், அவர் ஊருக்குப் போனால் யார் என்பதை மோட்டாரின் சக்தியைக் கணக்குப் போடுகிற மாதிரி உட்கார்ந்து கணக்குப் போடு. சின்னப்பொண்ணு மகளுக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது. அவளைக் கேள். உதவிக்கு வா என்று கூப்பிடாதே, பங்கு தருகிறேன் என்று கூப்பிடு. அவள் மாட்டேன் என்றால் அதையும் ஏற்றுக்கொள்.

அதற்கு முன்னால் இந்தச் சின்னக் குடிலை ஒரு மழைக்காலமும் ஒரு பனிக்காலமும் நீ தனியாக நடத்திப் பார். முடிந்த பிறகும் எட்டுத் தொட்டி வேண்டும் என்று தோன்றினால் நானும் அத்தாவும் உன் கூட நிற்போம், என்னால் குனிய முடிகிற அளவுக்கு. போதும் என்று தோன்றினாலும் வெட்கப்படாதே. இரண்டில் எதைச் செய்தாலும் நீ என் பிள்ளைதான், இந்த வீடும் உன் வீடுதான். உனக்கு நல்ல வேலை இருந்தது, அதை விட்டுவிட்டு வருகிறாய், அந்தத் தைரியம் எனக்குத் தெரியும். அல்லாஹ் உனக்குப் பரக்கத் செய்யட்டும்.

வெள்ளிக்கிழமை நீ வருகிறாய். பிரியாணி செய்கிறேன். சனிக்கிழமை உன்னைக் குடிலுக்குள் கூட்டிப்போய், எந்த வால்வு எப்போது இறுகிக்கொள்ளும், எந்தத் தொட்டி மீன் முதலில் சுணங்கும் என்று காட்டித் தருகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் நானும் அத்தாவும் கிளம்புகிறோம். எப்போது திரும்புவோம் என்று பேசிக்கொள்ளவில்லை. அக்கா வீட்டு வாசலில் உட்கார்ந்து ஷாஹிதாவோடு ஒரு டீயை ஆறுவதற்குள் குடிக்க வேண்டும், இப்போதைக்கு என் திட்டம் அவ்வளவுதான். நீ வந்ததும் வராததுமாக அம்மா இப்படிச் செய்துவிட்டாளே என்று உனக்குக் கோபம் வரலாம். வந்தால் வரட்டும். கோபத்தோடே எழுந்துபோய்த் தீனி போடு. மீனுக்கு அது தெரியாது.

உன் அம்மா